எவ்வளவு மின்சாரம் போதும்

எங்கள் ஸ்ஃபாக்ஸ் நகரத்து அரபுப் பேச்சில் கம்மூன் என்றால் சீரகம். அதனால் மூளை அறுவை மருத்துவர் ஸாகியா கம்மூனை நோயாளிகள் முதுகுக்குப் பின்னால் சீரக டாக்டர் என்றுதான் சொல்வார்கள். அது அவருக்கும் தெரியும். "மிளகாய்னு சொல்லாம விட்டாங்களே, அதுவே பெருசு," என்பார். அப்படிச் சொல்லியிருந்தாலும் தப்பில்லை. அறுவை அரங்கில் யாராவது தேவையில்லாமல் பேசினால் அவர் பார்க்கும் பார்வையில் கண் எரியும்.

நான் மொந்தர், நரம்பியல் மருத்துவன். ஸாகியா நோயாளியின் மண்டையில் சிறு துளையிட்டு மூளைக்குள் மெல்லிய கம்பியை இறக்குவார். அதை இயக்கும் பேட்டரியை நெஞ்சுத் தோலுக்கு அடியில் வைப்பார். அந்தக் கம்பியில் எவ்வளவு மின்சாரம் ஓடலாம் என்று நோயாளியோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்ப்பது என் வேலை. இருபது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடிவிட்டது. என் மனைவியோடு பேசியதைவிட ஸாகியாவோடு சண்டை போட்டதுதான் அதிகம்.

பிரான்சில் படித்துவிட்டு அவர் ஊர் திரும்பியபோது, "மண்டைக்குள்ள கரண்டு விடற பொம்பளை" என்று எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சிரித்தார்கள். முதல் நோயாளி ஒரு நாவிதர். நடுக்குவாதம் வந்து கை ஆடியதால் அவர் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அறுவை முடிந்து கை ஆட்டம் நின்ற பிறகும் உட்காரவில்லை. பார்த்த ஸாகியா தன் கணவரையே சவரத்துக்கு அனுப்பினார். கணவரும் தயங்காமல் போய், வழவழப்பான கன்னத்தோடு திரும்பினார். "என்ன துணிச்சல்ல அனுப்பினீங்க?" என்று கேட்டேன். "கத்தி பிடிச்ச கையை எனக்குத் தெரியும். அதுவும் போக, என் வீட்டுக்காரர் நேத்து என் அம்மாவைப் பத்தி ஒண்ணு சொன்னார்," என்றார்.

கஃப்ஸா பக்கத்துச் சுரங்கத்தில் பாறை விழுந்து கால் இழந்த ஒரு தொழிலாளி வந்தார். இல்லாத கால் அவருக்கு இரவும் பகலும் எரிந்தது. முழங்காலுக்குக் கீழே வெறும் காற்று, அங்கேதான் வலி. ஸாகியா முதுகுத் தண்டின் மேல் கம்பி வைத்து மின்சாரம் விட்டார். அந்த மனிதர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "அல்ஹம்துலில்லாஹ், என் காலு இப்பதான் போச்சு," என்று சொல்லி அழுதார்.

எல்லா நோயாளிகளிடமும் ஸாகியா ஒரு கேள்வி கேட்பார். "சரியாயிட்டா முதல்ல என்ன பண்ணுவே?" பதில் வராதவர்களை வீட்டுக்கு அனுப்பி யோசித்துவிட்டு வரச் சொல்வார். அவருக்கு அது வெறும் பேச்சில்லை. எந்த வேலைக்காக அந்தக் கை நிற்க வேண்டும் என்று தெரியாமல் அவர் கத்தியைத் தொட்டதில்லை.

இப்படி நடுக்கமும் வலியுமாகப் போய்க்கொண்டிருந்த நாட்களில்தான் வசீலா வந்தாள்.

அவள் கடலுக்கு அந்தப் பக்கம் கெர்கென்னா தீவுக்காரி. மீன் சந்தையில் எட்டுக்கால் பேய்க்கணவாய் விற்பவள். அவளுக்குப் பின்னால், யார் மீதும் எதன் மீதும் படாமல், கைகளை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி அவள் தம்பி சப்ரி நின்றான். முப்பத்தைந்து வயதிருக்கும். தீவுக்கும் எங்கள் ஊருக்கும் ஓடும் கப்பலில் எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவன். இப்போது வேலைக்குப் போவதில்லை. கைகள் இரண்டும் தோல் உரித்த மாதுளம் பழம்போல் இருந்தன. வெளுப்பு மருந்து ஊற்றிக் கழுவிய கைகள்.

"விடியக்கால சுபுஹு தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்ய ஆரம்பிச்சான்னா மத்தியானம் லுஹர் பாங்கு சொல்ற வரைக்கும் குழாயடியிலதான் நிப்பான்," என்றாள் வசீலா. "அப்புறம் லுஹருக்கு முதல்லேருந்து. எங்க இமாம் வீட்டுக்கே வந்து, ஒரு தடவை போதும்டா, மறுமையில நான் பொறுப்புன்னு சொல்லிட்டார். கேட்டானா?"

"தண்ணியை நிறுத்திப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"அது தீவு, டாக்டர். சுத்தி கடலு. எந்தக் குழாயை நான் மூட?"

மனநல மருத்துவர் ஃபெர்ஜானி எட்டு வருஷம் அவனுக்கு வைத்தியம் பார்த்திருந்தார். எல்லா மருந்தும் கொடுத்தாயிற்று. கழுவாமல் தாங்கப் பழக்கும் பயிற்சியும் கொடுத்தாயிற்று. அவரே கைவிரித்துவிட்டுத்தான் எங்களிடம் அனுப்பியிருந்தார். இந்த எண்ணச் சுழல் நோய்க்கும் மூளையில் கம்பி வைக்கலாம் என்று வெளிநாடுகளில் செய்துகொண்டிருந்தார்கள்.

ஸாகியா முடியாது என்றார்.

"கை நடுக்கம்னா மனுஷன் வேற, நடுக்கம் வேற," என்று என்னிடம் சொன்னார். "இதுல எது அவன், எது நோய்? நான் எந்த இடத்துல ஓட்டை போடறது?"

வசீலா விடவில்லை. இரண்டு வருஷம், வியாழக்கிழமை தவறாமல் கப்பலேறி வந்தாள். காய்ந்த பேய்க்கணவாயை நர்ஸ் மேஜையில் வைத்துவிட்டு நடைக்கூடத்தில் உட்கார்ந்துகொள்வாள். "நான் இதைச் சாப்பிடறதில்லம்மா," என்று ஸாகியா ஒருமுறை சொன்னார். "உங்களுக்கா கொண்டுவந்தேன்? நர்ஸுக்கு. அவங்கதான் என் பேரை முதல்ல கூப்பிடறாங்க," என்றாள் வசீலா.

ஒரு வியாழக்கிழமை, அக்காவோடு வந்திருந்த சப்ரியை ஸாகியா தனியாக உள்ளே அழைத்தார். நானும் இருந்தேன். அவன் நாற்காலியில் உட்காரவில்லை.

"கை அழுக்கா இருக்குன்னு நினைக்கிறியா?" என்று கேட்டார் ஸாகியா.

"இல்ல டாக்டரம்மா. சுத்தமாத்தான் இருக்கு. எனக்குத் தெரியும்." குரல் இறங்கியது. "தெரியலன்னா பரவாயில்ல, பைத்தியம்னு விட்டுடலாம். தெரிஞ்சுகிட்டே கழுவறேன். பின்னாலேருந்து ஒருத்தன் கழுத்தைப் பிடிச்சுத் தள்ற மாதிரி."

"சரியாயிட்டா முதல்ல என்ன பண்ணுவே?"

"குழாயை மூடுவேன். மூடிட்டு அந்த இடத்தை விட்டு வெளிய வருவேன்."

"அப்புறம்?"

"அதுக்கப்புறம் என்ன வேணும்?"

அவன் போன பிறகு ஸாகியா என்னை வெளியே அழைத்துப் போனார். ஆஸ்பத்திரிக்கு எதிரே லப்லபி கடை ஒன்று உண்டு. அங்கே கொண்டைக்கடலை சூப்பில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே, அத்தனை வருஷம் எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

அவருடைய பெரியம்மா பெயர் துஜா. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில், இளம் வயதில் ஏதோ மனநோய் வந்து சத்தம் போட்டாள் என்று அவளை எங்கோ கொண்டுபோனார்கள். இரண்டு நெற்றிப் பொட்டிலும் தழும்போடு திரும்பி வந்தாள். அதன்பின் சத்தமே இல்லை. சிரிப்பும் இல்லை. பாதாம் உடைக்கச் சொன்னால் சாயங்காலம் வரை உடைப்பாள். பருப்பில்லாத வெறும் ஓடுகளைக் கொடுத்தாலும் உடைத்துக்கொண்டிருப்பாள். சின்னப் பெண்ணான ஸாகியாவை அவளுக்குத் துணையாக உட்கார வைப்பார்கள்.

"எதைக் கொடுத்தாலும் வாங்கிக்குவாங்க, மொந்தர். எங்க கூப்பிட்டாலும் வருவாங்க. வேணாம்னு ஒரு வார்த்தை அவங்க வாயிலேருந்து நான் கேட்டதே இல்ல. அந்த வார்த்தையை வெட்டி எடுத்துட்டாங்க." ரொட்டியைத் தட்டில் வைத்தார். "அதனாலதான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். அதனாலதான் இந்த மாதிரி நோயாளியைத் தொடவும் பயம்."

"நாம வெட்டறது இல்லையே," என்றேன். "கம்பிதான். பிடிக்கலன்னா நிறுத்திடலாம்."

"அவன் வேணாம்னு சொன்னா நிறுத்துவோமா? அவங்க அக்கா வேணும்னாலும், எனக்கே வேணும்னு தோணினாலும்?"

"நிறுத்துவோம்."

"அப்ப வரச் சொல்லு," என்றார்.

அறுவை நாளில் சப்ரி விழித்திருந்தான். மண்டையைச் சட்டத்தில் திருகிப் பொருத்தியிருந்தார்கள். தோல் மட்டும்தான் மரத்திருந்தது. ஸாகியா துளையிடும்போதே அவனோடு எஞ்சின் பேச்சுப் பேசினார். கம்பி இடத்தைத் தொட்டதும் நான் மெல்ல மின்சாரத்தை ஏற்றினேன். சப்ரியின் இடது கன்னம் முதலில் சிரித்தது. பிறகு முழு முகமும்.

"என்னடா சிரிப்பு?" என்று கேட்டார் ஸாகியா.

"தெரியல டாக்டரம்மா. சிரிக்க ஒண்ணுமில்ல. ஆனா நல்லா இருக்கு."

அரங்கில் எல்லோருக்கும் சந்தோஷம். ஸாகியா மட்டும், "குறைச்சுடு," என்றார் என்னிடம். காரணமில்லாத சிரிப்பை அவர் நம்பவில்லை.

அதற்குப் பிறகு பல மாதம் ஒன்றும் நடக்கவில்லை. சப்ரி மாதாமாதம் வந்தான். கொஞ்சம் ஏற்றினோம், கம்பியின் வேறு முனைக்கு மாற்றினோம். கை அப்படியேதான் உரிந்துகொண்டிருந்தது. நடைக்கூடத்தில் வசீலா எல்லோருக்கும் கேட்கும்படி, "மண்டையில கம்பி வெச்சீங்களே, ரேடியோவாவது பாடுதான்னு பாருங்க," என்றாள். ஸாகியா கோபப்படவில்லை. அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா இன்னும் முடியல," என்றார்.

இலையுதிர்காலத்தில் நானும் ஸாகியாவும் கலந்து பேசி இன்னும் ஒரு படி ஏற்றினோம். அடுத்த வாரம் வசீலா போன் செய்தாள். முதலில் அழுகைதான் கேட்டது.

"வெளிய வந்துட்டான் டாக்டர். குழாயை மூடிட்டு வெளிய வந்து, அக்கா பசிக்குதுன்னான்."

சப்ரி கப்பல் வேலைக்குத் திரும்பினான். கையில் புதுத் தோல் வந்தது. பரிசோதனைக்கு வந்தபோது என்னையும் ஸாகியாவையும் கட்டிப்பிடித்தான், யாரையும் தொடாதவன். ஆஸ்பத்திரி முழுக்க அதே பேச்சு. நானும் மிதந்துகொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஸாகியா மட்டும் அவன் போன பிறகு, "ரொம்ப வேகமாப் பேசறான்," என்றார்.

குளிர்காலத்தில் செய்தி வேறு மாதிரி வர ஆரம்பித்தது. பந்தயம் கட்டி, ஓடிக்கொண்டிருந்த கப்பலிலிருந்து குதித்துக் கரைக்கு நீந்தியிருக்கிறான். சந்தையில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் நிக்காஹ் பேசியிருக்கிறான். அவள் அண்ணன்மார் துரத்தியிருக்கிறார்கள். கடைசியில், இறந்துபோன அப்பாவின் படகை, டீக்கடையில் பழக்கமான ஒருவனுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டான். தூங்குவதே இல்லை.

மின்சாரம் அதிகம். அவ்வளவுதான் விஷயம். குறைத்தால் சரியாகிவிடும். ஆனால் அவன் வரமாட்டேன் என்றான். போனில் என்னிடம், "வாழ்க்கையில முதல் தடவையா சந்தோஷமா இருக்கேன் டாக்டர். குறைக்க வேணாம்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

நான் ஸாகியாவிடம் போனேன். "பேசறது அவன் இல்ல, கரண்டு," என்றேன். "வசீலா கையெழுத்துப் போடுவாங்க. ஃபெர்ஜானியும் சேருவார். கூட்டிட்டு வந்து குறைச்சுடலாம்."

"துஜா பெரியம்மாவுக்கும் ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டாங்க," என்றார் ஸாகியா.

"இது வேற. அவன் கடல்ல குதிக்கறான்."

"தெரியும். அவன் உசுருக்கே ஆபத்துன்னா நானே கையெழுத்துப் போடுவேன். அதுக்கு முன்னாடி நான் போய்ப் பாக்கணும். கரண்டை ஏத்தி இறக்கற மெஷினை எடுத்துக்க."

மறுநாள் காலைக் கப்பலில் இருவரும் தீவுக்குப் போனோம். ஸாகியாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. வழி முழுக்கக் கப்பல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி வந்தார்.

பேரீச்ச மரத்துக்குக் கீழே, வீட்டு முற்றத்தில், சப்ரி ஒரு பழைய எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் பூரித்துப்போய் எழுந்தான். என் கைப்பையைப் பார்த்ததும் முகம் மாறியது.

"மெஷினோட வந்திருக்கீங்க. குறைக்க விடமாட்டேன் டாக்டரம்மா."

"நீ சரின்னு சொல்லாம இன்னைக்குத் தொடமாட்டோம்," என்றார் ஸாகியா. "அது பையிலயே இருக்கட்டும்."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"உங்க அக்கா இத்தனை தடவை எங்க வாசல்ல வந்து உக்காந்தாங்க. நான் ஒரு தடவை வந்தா என்ன?"

வசீலா உள்ளேயிருந்து, "வாய் மட்டும் இருக்கு உங்க ரெண்டு பேருக்கும்," என்று சொல்லிக்கொண்டே பைன் விதை போட்ட டீ கொண்டுவந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. அப்பாவின் படகு நின்ற கட்டுத்துறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான்.

சப்ரி நிற்காமல் பேசினான். தீவைச் சுற்றிப் புதிய கப்பல் விடப்போவதாகச் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் எஞ்சினுக்குப் போனான். அங்கிருந்து மரத்தில் ஏறிப் பேரீச்சம்பழம் பறிக்கப் பார்த்தான். பழக்காலம் எப்போதோ முடிந்திருந்தது. ஸாகியா குறுக்கே பேசவில்லை. நான் நெளிந்தேன். வெயில் முற்றத்தைக் கடந்து சுவருக்குப் போனது. நோயாளிக்காக அவர் இப்படிக் காத்திருப்பதை அரங்கில் பார்த்திருக்கிறேன். அரங்குக்கு வெளியே அன்றுதான் பார்த்தேன்.

இரண்டாம் டீ வந்தபோது ஸாகியா ஒரு தம்ளரை அவன் கையில் கொடுத்தார்.

"சப்ரி, எனக்காக ஒண்ணு பண்ணு. இதைக் குடிச்சு முடிக்கற வரைக்கும் என் பக்கத்துல உக்காரு. அவ்வளவுதான்."

"இது ஒரு வேலையா?" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான்.

ஒரு வாய் குடித்தான். எழுந்து எஞ்சினில் ஒரு திருகாணியை எடுத்து வைத்துவிட்டு வந்தான். "இப்ப உக்காந்துட்டேன்," என்றான். மறுபடி எழுந்தான். வாசலில் யாரோ போனதாகச் சொன்னான், யாரும் போகவில்லை. மூன்றாவது முறை உட்கார்ந்தபோது தம்ளரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். தொடை துடித்தது. நெற்றியில் வியர்வை. சட்டென்று அவன் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்தது. ஆனாலும் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"டாக்டரம்மா," என்றான், மிக மெதுவாக. "இது அவன்தான்."

"யாரு?"

"கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுவானே. அப்ப குழாய்க்குத் தள்ளினான். இப்ப வெளிய தள்றான். சந்தோஷமா இருந்ததால எனக்கு அடையாளம் தெரியல."

ஸாகியா அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"குறைச்சா பழையபடி கழுவுவேனா?"

"கொஞ்சம் திரும்பி வரலாம். எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. பொய் சொல்லமாட்டேன்."

அவன் மீதி டீயைக் குடிக்கவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றி, பேட்டரி இருக்கும் நெஞ்சை என் பக்கம் திருப்பினான். "பண்ணுங்க டாக்டர். சீக்கிரம். மனசு மாறிடும்."

நான் கருவியை வைத்து ஒரு படி குறைத்தேன். ஸாகியா அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். உடனே ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து அவன் பெரிதாக அழுதான் என்று வசீலா சொன்னாள். அதன் பிறகு ஒரு பகலும் இரவும் தூங்கினான்.

அதோடு எல்லாம் நேராகிவிடவில்லை. பயம் திரும்பி வந்தது. அந்த வசந்தகாலம் முழுக்க ஸாகியா மீது அவனுக்குக் கோபம். "என்னை ஒரு நல்ல மனுஷன்கிட்டேருந்து பிரிச்சுட்டீங்க," என்றான் ஒருநாள். ஸாகியா அதற்கு, "அவனை எனக்கும் பிடிச்சிருந்தது," என்றார். மயிரிழை அளவு ஏற்றுவதும் இறக்குவதுமாக நாங்கள் கோடை வரை போராடினோம். ஒவ்வொரு முறையும் தொடுவதற்கு முன் ஸாகியா அவனைக் கேட்டார். ஏழெட்டு தடவை அவன் வேண்டாம் என்றான், நாங்கள் தொடவில்லை. நேரம் வீணாகிறது என்று நான் முணுமுணுத்திருக்கிறேன். அவர் என்னைக் கண்டித்ததில்லை. பக்கத்திலிருந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்வார்.

கடைசியில் ஓர் அளவு பிடிபட்டது. சப்ரி இன்னும் நம்மைவிட அதிகமாகத்தான் கழுவுகிறான். ஒவ்வொரு ஒளுவும் இரண்டு முறை, சில நாள் மூன்று முறை. பிறகு குழாயை மூடிவிட்டு வெளியே வருகிறான். அது அவனுக்குச் சுலபமாக வருவதில்லை என்பதையும் மறைப்பதில்லை. குளிர்காலத்தில் பறிபோன கப்பல் வேலை அவனுக்கு மறுபடி கிடைத்தது. படகை வாங்கிக்கொண்ட ஆள் நல்லவன். வசீலா அவன் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்த நாலாவது நாள் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

சப்ரிக்குப் பிறகு அதே நோயோடு பலர் வந்தார்கள். சிலருக்கு நன்றாக ஆயிற்று, சிலருக்குப் பாதி, இருவருக்கு ஒன்றுமே ஆகவில்லை. அந்த இருவரையும் ஸாகியா கடைசி வரை தானே பார்த்தார். வேறு யாரிடமும் தள்ளிவிடவில்லை. மாணவர்கள் அவர் கையின் நிதானத்தைப் பற்றிப் பேசுவார்கள். மூளைக்குள் அரை மில்லிமீட்டர் பிசகாமல் இறங்கும் கை, உண்மைதான். எனக்கு அவரைப் பற்றி நினைத்தால் கெர்கென்னா முற்றத்தில், கடல் பயணத்தில் வெளுத்த முகத்தோடு, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்ததுதான் ஞாபகம் வருகிறது.

போன வருஷம் அவர் ஓய்வு பெற்றார். ஆனாலும் வியாழக்கிழமைகளில் வந்து புதிய நோயாளிகளைப் பார்க்கிறார், அறுவை நாளில் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து பேச்சுக் கொடுக்கிறார். கப்பல் விடுமுறை கிடைக்கும் வியாழன்களில் சப்ரியும் நடைக்கூடத்துக்கு வருகிறான். யாரும் அவனை வரச் சொன்னதில்லை. சென்ற வாரம் காபெஸிலிருந்து ஒரு பெண் தன் அப்பாவோடு வந்திருந்தாள். அவள் கைத்தோல் உரிந்திருந்தது. நான் அந்தப் பக்கம் போகும்போது சப்ரி அவளிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"வலிக்குமா?" என்று கேட்டாள்.

"வலி இல்லம்மா. சத்தம்தான். எங்க கப்பல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகற மாதிரி மண்டைக்குள்ள கடகடன்னு கேக்கும். அப்ப ஸாகியா டாக்டரம்மா உன்கிட்ட ஏதாவது கேட்டுக்கிட்டே இருப்பாங்க. நீ பதில் சொல்லிக்கிட்டே இரு."

"என்ன கேப்பாங்க?"

"அது ஆளுக்கு ஆள் மாறும்," என்றான் சப்ரி. தள்ளி உட்கார்ந்து அவள் அப்பாவுக்கும் இடம் கொடுத்தான்.